ஐம்பத்தேழு பீர்க்கங்கொடிகள்

எங்கள் குடும்பம் விதை உண்டாக்கி விற்ற குடும்பம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். திருவொற்றியூரில் ஏது தோட்டம், ஏது விதை என்பார்கள். புகைபோக்கியும் லாரியும் கருவாட்டு வாடையும் அல்லவா இங்கே இருப்பது என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் காகிதத்தை நீட்டிவிடலாம். முடிப்பதற்குள் கண் வலி வந்துவிடுமோ என்ற கவலை இருக்கிறது. வந்தால் வரட்டும்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். கப்பலில் வந்து இறங்கும் சரக்கில் சீமைக் காய்கறி விதைப் பொட்டலங்களும் இருக்கும். கோசு, பீட்ரூட், நூல்கோல். சண்டைக் காலத்தில் கப்பல் குறைந்து, விதைப் பொட்டலம் அடியோடு நின்றுபோனது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது நாங்களும் பொன்னேரிப் பக்கம் உறவினர் வீட்டில் போய் இருந்தோம். அங்கே நைனாவுக்கு வேலை இல்லை. தோட்டக்காரர்களோடு பேசிக்கொண்டு கிடந்தார். அவர்கள் எல்லாருக்கும் ஒரே குறை. சந்தையில் வாங்குகிற விதை பாதி முளைப்பதில்லை, முளைத்ததும் சொன்ன காயைக் காய்ப்பதில்லை.

பீதி அடங்கி நாங்கள் திரும்பியபோது நைனாவின் துணிப்பையில் நீளமான பீர்க்கன் நெற்று ஒன்று இருந்தது. நன்றாகக் காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். எங்கள் தொழிலின் முதலீடு அதுதான்.

வீடு எண்ணூர் போகும் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது. பின்னால் மணல் நிலம், ஒரு கிணறு. கோடையில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். பொன்னேரியின் நீளப் பீர்க்கன் அந்தத் தண்ணீரைக் குடித்து இலை கருகிச் செத்தது. ஆனால் குப்பத்து வேலிகளில் ஒரு குட்டைப் பீர்க்கன் அதே உப்புத் தண்ணீரில் செழிப்பாகக் கிடந்தது. காய் சாண் நீளம்கூட இராது, நார் நாராக இருக்கும். ஆனால் சாகாது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று நைனாவுக்குத் தோன்றியது. அதற்கு முன்னால் அவர் பூ வளர்த்தவர்கூட இல்லை.

பீர்க்கம்பூ சாயங்காலம் மலரும். ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் விரல்கடைப் பிஞ்சு இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். மலருகிற அன்று மதியமே இரண்டையும் மொட்டாக நூலால் கட்டிவிட வேண்டும். கட்டினால் தேனீ நுழையாது. சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்குக் கட்டை அவிழ்த்து, ஆண் பூவைக் கிள்ளி எடுத்துப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். காய் முற்றி நெற்றானதும் விதை எடுத்து, விதைத்து, அதில் நல்லதைப் பொறுக்கி மறுபடியும் இதே வேலை. ஆறு தலைமுறை தள்ளிய பிறகு முழ நீளத்தில், கரண்டியால் நசுங்குகிற பதத்தில், உப்புத் தண்ணீர் குடித்துக் காய்க்கிற ஒரு பீர்க்கன் எங்களுக்குக் கிடைத்தது. ஆறு தலைமுறை என்று எழுதிவிட்டேன். அதில் மழையில் அழுகிப்போனது ஒன்று, ஆடு தின்றது ஒன்று. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்ணுவது என் வேலை. ஈரச் சாக்கில் நூறு விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, முளை விட்டதும் பிரித்து எண்ணுவேன். தொண்ணூறுக்குக் குறைந்தால் அந்தக் குவியல் விற்பனைக்குப் போகாது. காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோதும் அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என் அண்ணன் என்னைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவான். அவன் படிப்பை நிறுத்திவிட்டு ராயபுரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையை எடுத்து, நாங்கள் பொட்டலம் கட்டிக் கொடுத்ததை விற்றான். மீஞ்சூர், பொன்னேரி ரயிலில் வருகிற தோட்டக்காரர்கள் இறங்கியதும் எதிரே தெரிகிற கடை. வெண்டை, கத்தரி, கொத்தவரை எல்லாம் இருந்தது. ஆனால் எல்லாரும் கேட்டு வந்தது பீர்க்கன்.

பீர்க்கனில் ஒரு ஆபத்து உண்டு. பேய்ப்பீர்க்கு என்று ஒன்று வேலியில் வளரும். இலையும் பூவும் நம் பீர்க்கன் மாதிரியே இருக்கும், காய் மட்டும் வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்தப் பூவிலிருந்து தேனீ நம் பூவுக்கு வந்து உட்கார்ந்தால், அந்த வருஷம் நம் காயில் ஒன்றும் தெரியாது. காய் சுவையாகவே இருக்கும். உள்ளே இருக்கிற விதைதான் கெட்டிருக்கும். அடுத்த போகத்தில் அதை வாங்கி விதைத்தவன் வீட்டில் கசக்கும்.

ஆரம்பத்தில் ஒரு தரம் அப்படி ஆயிற்று. மீஞ்சூர்த் தோட்டக்காரர் ஒருவர் மேல்துண்டில் ஒரு பீர்க்கங்காயைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"கொஞ்சம் கடிச்சுப் பாருங்க ஐயா."

நைனா கடித்தார். முகம் மாறவில்லை. மென்று விழுங்கினார்.

"கல்யாண ஊட்டுக்குக் குடுத்தேங்க. கூட்டு பூரா தெருவுல கொட்டிட்டாங்க. பந்தியில ஒக்காந்தவன் எல்லாம் என்னைத்தான் பாக்குறான்."

நைனா அவருக்கு மறு விதை கொடுத்து, ஸ்டேஷன் வரை கூடவே போய் ரயிலேற்றிவிட்டு வந்தார். வந்ததும் அம்மாவிடம், "இன்னொரு தரம் இப்படி ஒருத்தர் வந்தா நான் இந்தத் தொழிலை வெச்சிருக்க மாட்டேன்" என்றார். வெறும் பேச்சு இல்லை அது. அதற்குள் கிடங்கு வேலையையும் விட்டிருந்தார். இந்தப் பீர்க்கனை விட்டால் எங்களுக்கு வேறு சோறு கிடையாது.

அன்றிலிருந்து இரண்டு கட்டுப்பாடு வந்தது. அடுத்த வருஷத்துக்கு விதை தரும் தாய்ப் பாத்தியில் கட்டாத பூவில் ஒரு காய்கூட விதைக்கு விடக்கூடாது. இரண்டாவது, அந்தப் பாத்தியில் ஒவ்வொரு கொடியிலும் முதல் பிஞ்சை நைனாவே கடித்துப் பார்ப்பார். கசந்தால் கொடியைப் பிடுங்கி எறிய வேண்டும்.

மொட்டுக் கட்டுவதற்குக் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். காலையில் மீன் விற்றுவிட்டு மதியம் வீட்டில் இருப்பவர்கள், வலை நூலில் பழகிய விரல்கள். எட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து மீன்காரம்மா. நான் அவளை அக்கா என்பேன். பிரச்சினை என்னவென்றால், பேய்ப்பீர்க்கு கிடந்ததே அவள் வேலியில்தான்.

"ஏம்மா, அந்தக் கொடிய எடுத்துடேன்" என்பார் நைனா. "நல்ல பீர்க்கன் வெதை தரேன். வேலி பூரா காய்க்கும்."

"இன்னாத்துக்கு எடுக்கணும்? என் ஊட்டுக்காரரு கண்ணு மஞ்சளா பூத்து பாயோட பாயா கெடந்தப்போ இந்தக் கொடிதான் எழுப்பி குந்த வெச்சிது. ஒன் வெதையா வந்து காப்பாத்துச்சு?"

"தேனீ அங்கேருந்து இங்க வருதும்மா."

"அப்போ தேனீகிட்ட சொல்லு வெதக்காரரே. ஏங்கிட்ட வந்து சொல்லிகினு கீற."

குப்பத்தில் யாருக்குக் காமாலை வந்தாலும் அவள் வேலிக்குத்தான் வருவார்கள். அதை அவள் எடுக்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மாதம் ஒரு தரம் இந்தப் பேச்சு நடக்கும். நடந்து முடிந்ததும் அவள் நூல்கண்டை எடுத்துக்கொண்டு எங்கள் பந்தலுக்குள் வந்து மொட்டுக் கட்ட ஆரம்பிப்பாள்.

ஒரு வருஷம், பூ நிறைய வைத்திருந்த ஒரு மதியம், கரையிலிருந்து கூச்சல் வந்தது. நெத்திலிக் கூட்டம் கரை ஓரமாகவே வந்துவிட்டது. எட்டுப் பெண்களும் நூலைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு நாள் எப்போதோ வருவது. நைனாவும் அம்மாவும் அண்ணனும் நானும் கட்டினோம். எங்கள் முடிச்சு பாதி அவிழ்ந்துபோயிற்று. மறுநாள் அந்த நாளின் பிஞ்சுகளை எல்லாம் கிள்ளிப் போட்டோம். எல்லாவற்றையும் கிள்ளினோமா என்று எனக்கு அடுத்த போகம் வரை சந்தேகம்தான். வீட்டில் சொன்னேன். "கணக்குக்குச் சந்தேகம் வராத நாளு எது?" என்றான் அண்ணன்.

அடுத்த போகத்துக்குத் தாய்ப் பாத்தியில் நூற்று நாற்பது கொடிகள் நின்றன. அதற்கு முன் அத்தனை வைத்ததில்லை. ஆடிப் பட்டத்துக்கு விதை வேண்டும் என்று பொன்னேரிப் பக்கமிருந்து மட்டும் நிறையப் பேர் சொல்லி வைத்திருந்தார்கள். இருந்த தாய் விதை முழுவதையும் ஊன்றியாயிற்று. கையில் மிச்சம் இல்லை.

கொடி பந்தலேறிப் பிஞ்சு விட்ட நேரத்தில் நைனாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. மலேரியா. அப்போது எண்ணூர்ப் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருவர் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொயினா மருந்தைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தார்கள். வேளாவேளைக்கு அம்மா அதைக் கொடுப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஜுரம் சற்று விட்ட ஒரு காலையில் கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டார். "அடிப்பிடிச்ச கஞ்சியக் குடுக்கறே. கசக்குது."

"அடியெல்லாம் பிடிக்கலை" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியாதா?"

பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்தார். முதல் பிஞ்சு கடிக்கிற பருவம் வந்துவிட்டது, முற்றவிட்டால் தெரியாது, நான் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அம்மா தடுத்தாள். கேட்கவில்லை. பாத்தி ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் ஒவ்வொரு கொடியிலும் முதல் பிஞ்சைக் கிள்ளி, நுனியில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தேன். அண்ணன் எங்கள் பின்னாலேயே வந்தான்.

முதல் கொடி. கடித்தார். துப்பினார்.

"கசக்குது."

மிச்சத்தை நானும் கடித்தேன். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. தொண்டை வரை போய் ஒட்டிக்கொண்டது. நெத்திலி வந்த நாளின் காய் ஒன்று தப்பி விதைக்குள் கலந்துவிட்டது என்று புரிந்தது.

இரண்டாவது கொடி. "இதுவும்" என்றார். நான் அதையும் கடித்தேன். ஆமாம், கசந்தது. மூன்றாவதும் கசந்தது. அதற்கு மேல் நான் கடித்துப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட குடு நைனா, நான் பாக்கறேன்" என்றான் அண்ணன்.

"ஒன் வாய் பொகையில வாய். ஒனக்கு வேப்பெண்ணெய ஊத்தினாலும் தெரியாது."

பன்னிரண்டு கொடி பார்த்தார். பன்னிரண்டும் கசப்பு என்றார். பதின்மூன்றாவது துண்டை நான் நீட்டியபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளிக்குள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"பிடுங்குங்கடா" என்றார். "எல்லாத்தையும். சாயங்காலம் பூ விரியறதுக்குள்ள ஒண்ணு நிக்கக் கூடாது. பக்கத்துப் பாத்திக்கும் போயிடும்."

அவரை அழைத்துப்போய்ப் படுக்க வைத்தோம். போகிற வழியில் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கிடங்குல திரும்ப சேத்துக்குவாங்களான்னு நாளைக்குப் போய்க் கேக்கணும்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டில் யாரும் ஒரு பிஞ்சை எடுத்துக் கடித்துப் பார்க்கவில்லை. நைனாவின் நாக்கு சொன்ன பிறகு இன்னொரு நாக்கு எதற்கு என்றுதான் எல்லாரும் இருந்தோம். அந்த நாக்கை நம்பித்தான் தொழிலே நடந்தது.

அண்ணன் பிடுங்க ஆரம்பித்தான். ஆத்திரத்தோடு பிடுங்கினான். ஒவ்வொரு கொடியிலும் நான் எண் போட்ட தகர வில்லை கட்டியிருந்தேன். கொடியைப் பிடுங்குமுன் அதை அவிழ்த்து எடுத்தாக வேண்டும் என்று நான் நின்றேன். தகரம் மறுபடி வேண்டுமே.

"சாவு ஊட்ல குந்திகினு தட்டு எண்றான் பாரு" என்றான் அண்ணன். "சீக்கிரம் அவுருடா கணக்கு."

நான் அவிழ்த்து, எண்ணி, கூடையில் போட்டேன். முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன. ஐம்பது கொடி சாய்ந்ததும் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய், மீன்காரம்மா வீட்டுப் பேய்ப்பீர்க்கை அடியோடு வெட்டினான். அவள் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தாள். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். கேட்க ஆள் இல்லை. திரும்பி வந்து மறுபடி பிடுங்கினான். பிடுங்கியதைப் பிஞ்சோடு சுருட்டி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தான்.

மதியத்துக்கு மேல், மொட்டுக் கட்டுகிற நேரத்துக்கு, அவள் வந்தாள். கையில் நூல்கண்டு இல்லை. மண்சட்டி ஒன்று இருந்தது. இடுப்புச் சேலையைச் சுருட்டிச் சொருகியிருந்தாள்.

"எங்கடா அவன், அருவாக்காரன்?"

அண்ணன் பந்தலுக்குள்ளிருந்து நிமிர்ந்தான். "ஒன் கொடியாலதான் எங்க குடியே போச்சு. பாரு. எல்லாம் கசப்பு."

"இன்னா கசப்பு? எவன் சொன்னான் கசப்புன்னு?"

"நைனா சொன்னாரு."

"ஒங்க நைனா இன்னா ஆண்டவனா? என் ஊட்டு வாசல்ல கொடியும் பிஞ்சுமா கொட்டி வெச்சிகினு கீறியே, அதுல ஒரு மொறம் பொறுக்கிகினு போய் ஒவ்வொண்ணா நுனிய கடிச்சு கடிச்சு சட்டியில போட்டேன். ஒண்ணே ஒண்ணு கசந்திது. தூன்னு துப்பிட்டு எறிஞ்சேன். மிச்சம் அத்தினியும் நெத்திலிக் கருவாட்டோட கொதிச்சு, என் புள்ளைங்க துன்னு முடிச்சு, இந்தா மிச்சம். துன்னு. துன்னுட்டு என் கொடிக்கு பதில் சொல்லு."

எந்த வீட்டிலும் பீர்க்கங்காயைக் குழம்பில் போடுமுன் நுனியைக் கடித்துப் பார்ப்பார்கள். எங்கள் அம்மாவும் தினம் செய்வதுதான். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவே இல்லை.

அண்ணன் நகரவில்லை. நான் சட்டியில் விரல் விட்டு ஒரு துண்டை எடுத்தேன். பயத்தில் முதலில் சுவையே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. உப்பு, புளி, கருவாடு. அவற்றின் நடுவே மெத்தென்று எங்கள் பீர்க்கன். ஓடிப்போய் நிற்கிற கொடிகளில் ஒன்றிலிருந்து பிஞ்சைக் கிள்ளி நுனியைக் கடித்தேன். பச்சைப் புல் மாதிரி இனித்தது. இன்னொன்று. அதுவும் இனித்தது. காலையில் இரண்டாவதும் மூன்றாவதும் கசந்தது முதல் கொடியின் கசப்பு என் வாயில் ஒட்டிக்கொண்டிருந்ததால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நிறுத்து" என்று கத்தினேன். அண்ணன் ஏற்கனவே நிறுத்தியிருந்தான். கூடையிலிருந்த வில்லைகள் எண்பத்து மூன்று. நிற்பவை ஐம்பத்தேழு.

அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். மீன்காரம்மா சட்டியை அவளிடம் நீட்டினாள். அம்மா ஒரு துண்டு தின்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொயினாக் கசப்பு" என்றாள். "காலையில கஞ்சி கசக்குதுன்னாரே, கஞ்சி கசக்குதுன்னாரே."

நாங்கள் நால்வரும் உள்ளே போனோம். நைனா விழித்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா அவர் வாயில் ஒரு பீர்க்கந்துண்டை வைத்தாள். அவர் முகத்தைச் சுளித்தார்.

"கசக்குது."

அம்மா பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து அவர் வாயில் போட்டாள்.

நைனா அதைச் சப்பினார். எங்களைப் பார்த்தார். மறுபடி சப்பினார், மறுபடி முகம் சுளித்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"ஐம்பத்தேழு."

"அவ்ளோ நேரத்துல எண்பத்து மூணுதான் பிடுங்கினானா?"

"இவன்தான் தகரம் அவுத்துகினு ஒவ்வொண்ணுக்கும் நிக்க வெச்சான்" என்றான் அண்ணன். அதற்குப் பிறகு என்னைக் கணக்கு என்று கூப்பிடும்போது அவன் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. ரொம்ப நாள் நீடிக்கவில்லை அது.

பிடுங்கிய கொடிகளைத் தண்ணீரில் போட்டு மறுபடி நட்டுப் பார்த்தோம். ஒன்றும் பிழைக்கவில்லை. நின்ற கொடிகள் ஒவ்வொன்றிலும் அம்மா நுனி கடித்துப் பார்த்தாள், எதுவும் கசக்கவில்லை. நைனா ஒரு முடிவு எடுத்தார். ஐம்பத்தேழு கொடியின் விதையில் ஒரு பொட்டலம்கூட இந்த ஆடிக்கு விற்பதில்லை, அத்தனையும் தாய் விதை. அண்ணன் மீஞ்சூரும் பொன்னேரியும் போய் ஒவ்வொரு தோட்டக்காரரிடமும் நடந்ததைச் சொன்னான். கொயினா கதையையும் சேர்த்துத்தான். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் சிரித்துவிட்டுக் காத்திருக்கிறோம் என்றார்கள். கல்யாணக் கூட்டைத் தெருவில் கொட்டக் கண்ட மீஞ்சூர்க்காரர், "நல்ல காயவே பிடுங்கிப் போடற கடையில, கெட்ட வெதை எனக்கு வராது" என்றாராம். அவரிடமிருந்து அந்த வார்த்தை வந்ததை நைனா ஜுரம் விட்ட பிறகும் பல தரம் அண்ணனைச் சொல்ல வைத்துக் கேட்டார்.

ஒரு கணக்கு பாக்கி இருந்தது. மீன்காரம்மாவின் கொடி.

நைனா நடக்கத் தெம்பு வந்ததும் வேலிக்குப் போனார். வெட்டுப்பட்ட கொடியில் காய்ந்து தொங்கிய நெற்று ஒன்றைப் பறித்து, விதை எடுத்து, என்னிடம் கொடுத்து முளைப்புப் பார்க்கச் சொன்னார். ஊருக்கே பேய்ப்பீர்க்கு வேண்டாம் என்று கத்திய மனிதர். நானும் ஈரச் சாக்கில் வைத்து எண்ணினேன். நல்ல முளைப்பு. அவரே அவள் வேலியோரம் குழி எடுத்து, எரு போட்டு ஊன்றினார். அண்ணனைத் தண்ணீர் ஊற்ற வைத்தார். அவன் ஊற்றுகிற நேரம் பார்த்து மீன்காரம்மா வாசலில் வந்து உட்காருவாள்.

"வேருல ஊத்து மாமு, இலையில ஊத்தாத. அருவா புடிச்ச கை, சொம்பு புடிக்க வரல பாரு."

கொடி வேலியேறியதும் பழைய பேச்சு ஆரம்பிக்கும் என்று நான் பயந்தேன். நைனா ஆரம்பிக்கவில்லை. அவள்தான் ஆரம்பித்தாள்.

"வெதக்காரரே, என் கொடி இங்கதான் கெடக்கும். குப்பத்துக்கு வேணும் அது. நீ ஒன் தாய் வெதைய தூக்கிகினு வேற எடம் போ."

"எங்கம்மா போவேன்?"

"காட்டுப்பள்ளில என் அக்கா கீது. முன்னால கடலு, பின்னால உப்பங்கழி. படவுல போனாத்தான் உண்டு. மணல ரெண்டு மொழம் தோண்டினா நல்ல தண்ணி. அங்க பேய்ப்பீர்க்கும் இல்ல, ஒரு பீர்க்கும் இல்ல. ஒன் தேனீ இன்னா, படவு ஏறியா வரும்?"

நைனா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மாதம் ஒரு தரம் தேனீயைப் பற்றி அவர் சொன்னதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

எங்கள் தொழில் வளர்ந்தது என்று யாராவது சொன்னால், அது அந்தப் படகில் ஏறிய பிறகு என்றுதான் நான் சொல்வேன். அவள் அக்காவின் குடும்பம் காட்டுப்பள்ளியில் எங்களுக்காகத் தாய்ப் பாத்தி வைத்தது. பிறகு அவர்கள் பக்கத்து வீடு. பிறகு வெண்டைக்கு ஒரு இடம், மிளகாய்க்கு ஒரு இடம் என்று, ஒரு இனத்துக்கு ஒரு ஊராகப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டோம். மீஞ்சூர்க்காரரும் எங்களுக்கு விதை வளர்த்துத் தந்தார். ராயபுரம் கடை ஒரு அறையிலிருந்து மூன்று அறை ஆயிற்று. நெல்லூர் வரை தகர டின்னில் ரயிலில் விதை போயிற்று. இத்தனையும் அந்த ஐம்பத்தேழு கொடியின் வம்சம். எனக்குப் படிப்பு, அண்ணனுக்குக் கல்யாணம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், இந்த வீடு, இந்தக் காகிதம் எல்லாம் அதிலிருந்து வந்தது. ஒரு சட்டிக் குழம்புக்கு இத்தனையா என்று எனக்கே சில நாள் ஆச்சரியமாக இருக்கும்.

காட்டுப்பள்ளியில் முதல் பிஞ்சு விட்ட செய்தி வந்ததும் நைனாவும் மீன்காரம்மாவும் நானும் எண்ணூரிலிருந்து படகில் கழியைக் கடந்து போனோம். அவளுடைய அக்கா பாத்தியை மீன் எலும்புத் தூள் போட்டுக் கருகருவென்று வைத்திருந்தாள். நான் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தேன். நைனா முதல் கொடியின் பிஞ்சைக் கிள்ளி இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியைக் கடித்தார். மென்றார். மற்றப் பாதியை மீன்காரம்மாவிடம் நீட்டினார்.

"நீ சொல்லும்மா."

அவள் வாங்கவில்லை. வெற்றிலையை ஓரமாகத் துப்பினாள், படகுக்காரன் சொம்பை வாங்கி வாயைக் கொப்பளித்தாள், இன்னொரு தரம் கொப்பளித்தாள். பிறகு சொம்பை நைனாவிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ கொப்ளி வெதக்காரரே. அப்பால ரெண்டு பேரும் சேந்து சொல்லலாம்."